ஐந்தரை மணிக்குத் திறந்த செருப்புக்கடை

ஆடிக் காற்று தெருப்புழுதியை வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் பாக்கியம் முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு கையில் இருந்தது.

ஆவடியில் பூந்தமல்லி போகும் சாலையில் எங்கள் வீட்டின் முன்னறையே கடை. கணவர் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போய்விடுவார். செருப்புக்கடை என் பொறுப்பு. எண்பதுகள் முடியப்போகிற சமயம் அது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, வார் அறுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் தயாராக எழுந்து நின்றேன்.

அவள் சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, ரப்பர் செருப்பின் வார் உராய்ந்து உராய்ந்து உண்டாக்கிய புண். ஆறியிருந்தது. புதுத்தோல் ரோஜா நிறத்தில், தொட்டால் கிழிந்துவிடும் போல இருந்தது.

"அக்கா, காலை முழுசா மூடுத மாதிரி ஏதாச்சும் இருக்கா? எனக்குச் சர்க்கரை. டாக்டர் தெனமும் நடக்கச் சொல்லுதாரு. இதப் போட்டு நடந்துதான் புண்ணு வந்துச்சு. இன்னொரு தடவ வந்தா விரல எடுக்கணும்னுட்டாரு."

விரலை எடுப்பதை, சொத்தைப் பல்லை எடுப்பதைப் போலச் சொன்னாள். நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவருக்கு ஆவடியில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கடையில் காலை மூடுகிற சமாச்சாரம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஆண்பிள்ளைகளின் ஆறாம் நம்பர் அவளுக்குச் சரியாக இருந்தது. எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கி, குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். சுங்குடிச் சேலை, அதற்குக் கீழே இரண்டு வெள்ளைப் படகுகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

திரும்பி வந்த ஷூ

நான்காம் நாள் ஷூ திரும்பி வந்தது. அட்டைப்பெட்டிகூடக் கசங்கவில்லை. அடிப்பாகத்தில் ஒரு துளி மண் இல்லை.

ஏன் நடக்கவில்லை என்று கேட்டேன். குவார்ட்டர்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். முதல் நாள் வாசற்படி இறங்கியதுமே எதிர்வீட்டுப் பெண் யாரையோ கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அதோடு பாக்கியம் படியேறி உள்ளே போய்விட்டாள். தனியாக நடக்க அவளுக்குக் கூச்சம். கூட வரச் சொல்லிக் கேட்கும்படி யாரையும் தெரியாது.

வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் கடை வழக்கமில்லை. அன்று அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"ஷூ இங்கேயே இருக்கட்டும். காலையில் பால் வாங்கப் போறேன்னு கூடையை எடுத்துக்கிட்டு, ஐந்தரைக்குச் செருப்போட வந்துடு. இங்கே மாத்திக்கிட்டு ஏரிப் பக்கம் போகலாம். அந்தப் பக்கம் உங்க குவார்ட்டர்ஸ் ஆளுங்க வர மாட்டாங்க. நானும் வரேன்."

கடைசி இரண்டு வார்த்தையைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதுவரை நான் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தவள் இல்லை.

என் கதை கொஞ்சம்

நான் வாலாஜாபேட்டைக்காரி. என் அப்பாவுக்கு நடப்பதென்றால் ஆகாது. சின்ன வயதில் அவர் மைல் கணக்கில் சுமை தூக்கி நடந்தவர். அதனால் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ரிக்‌ஷாவில்தான் அனுப்புவார். "நீங்க நடக்கக் கூடாதுன்னுதான் நான் நடந்தேன்" என்பார். கால் தரையில் படாமல் வளர்ந்ததை அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்தும் எங்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று முறை உண்டாகி மூன்று முறையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு பெண்கள் கூடுகிற இடங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வளைகாப்பு, பூப்பு நன்னீராட்டு, எதுவும் கிடையாது. கடை எனக்கு வசதியாக இருந்தது. செருப்பு வாங்க வருகிறவர்கள் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்த்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான், மறுநாள் விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, நடந்து எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, போய்விட்டுத் திரும்பி வருவோம் என்றேன். கடை வாசலில் வெளிச்சம் போதாது என்று மட்டும் அவர் சொல்லி, பெரிய பல்பாக ஒன்று மாட்டிவிட்டுப் போனார்.

இன்னா தொலைச்சிட்டீங்க?

பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. பாக்கியம் என்னை ஒரு மைல்கல்லில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றாள். சர்க்கரை அவளுக்கா எனக்கா என்று கேட்கும்படி இருந்தது.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, கரையோரம் ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்து வழிமறித்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. அவள் குடும்பம் பல தலைமுறையாக அந்த ஊரில்தான்.

"இன்னாம்மா, டெய்லி வர்றீங்க, இதுவரிக்கும் வந்து திரும்பிப் பூடுறீங்க. கையில ஒண்ணியும் காணோம். இன்னா தொலைச்சிட்டீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். நடப்பதற்காகவே நடக்கிறோம் என்பதை அவளுக்குப் புரியவைப்பது லேசாக இல்லை. இரண்டு மூன்று முறை கேட்டுக்கொண்டாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை மனை போட்டு விற்றாகிவிட்டது. மகன்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. கறவை மாட்டையும் போன வருடம் கொடுத்துவிட்டார்கள்.

"நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. மாடு இல்ல, வயலு இல்ல. எய்ந்து இன்னா பண்றது, சொல்லு."

மறுநாள் எங்களுக்கு முன்னால் அவள் கடை வாசலில் நின்றிருந்தாள். அவள் வந்ததில் எங்களுக்கு ஒரு பெரிய லாபம். வழியிலிருந்த நாய்கள் அத்தனையையும் அவளுக்குப் பெயர் சொல்லி அதட்டத் தெரியும்.

மண்ணூர்பேட்டைக்குப் போன பதினோரு பாதங்கள்

தீபாவளிக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டோம். எதிர்வீட்டில் இருந்து பாக்கியத்தைச் சுட்டிக்காட்டிய பெண்ணும் அதில் உண்டு. எல்லாரும் செருப்போடு வருவார்கள். சுவரோர அலமாரியின் கீழ்த்தட்டில் அவரவர் ஷூ இருக்கும். மாற்றிக்கொண்டு நடப்போம். திரும்பி வந்து மறுபடி செருப்புக்கு மாறி, பால் கூடையோடு, ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குப் போய்விடுவார்கள். பால் பூத்துக்காரர் எங்கள் பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அதனால் வரிசையில் நிற்கிற நேரம்தான் எங்களுக்கு நடக்கிற நேரம்.

கன்னியம்மாவின் கால் மட்டும் எந்த ஷூவுக்குள்ளும் போகவில்லை. வயலில் வெறுங்காலோடு நடந்த கால். விரல்கள் ஒன்றோடொன்று சேராமல் விரிந்து நின்றன. மற்றவர்களுக்கும் சுண்டுவிரல் பக்கம் கடிக்கத்தான் செய்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆம்பளைப் பிள்ளைகளுக்கு என்று செய்ததை அணிந்தால் வேறெப்படி இருக்கும்?

ஒருநாள் பழைய காலண்டர் தாள்களைத் தரையில் விரித்து, ஒவ்வொருத்தியாக ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். பென்சில் உள்ளங்கால் ஓரம் போகும்போது கூச்சம் தாங்காமல் ஒவ்வொருத்தியும் துள்ளினாள். கன்னியம்மா துள்ளியதில் தாளே கிழிந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்துவந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அத்தனை பெண்கள் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் தடவை.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே கேன்வாஸ் ஷூ செய்கிற சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி டேவிட் சார். உள்ளே நுழைந்தாலே ரப்பர் பசை வாசனை தலையைச் சுற்றும். மனிதர் தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கன்னியம்மாவின் பாதத்தை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஷூ செய்து வந்தவர் அவர். எதைச் செய்தாலும் ஒரே வருடத்தில் கால் வளர்ந்து சின்னதாகிவிடும் என்று சலித்துக்கொண்டார். "இதெல்லாம் இனிமே வளராத கால். ஒழுங்கா செஞ்சா நெலைக்கும்" என்றார்.

முன்பக்கம் அகலமாக, உள்ளே மெத்தென்று பஞ்சு அட்டை வைத்து, பாக்கியத்துக்கு மட்டும் தையல் விரலில் படாதபடி தள்ளிப் போட்டு, பதினோரு ஜோடி செய்து கொடுத்தார். நிறம் பிரவுன். வெள்ளை வேண்டாம் என்று கேட்டது நான்தான். ஏரி மண் பட்டால் தெரியாது, யாரும் பி.டி. மாஸ்டர் என்றும் சொல்ல முடியாது.

இன்னிக்கு என்ன கலர்?

சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினெல்லாம் அப்போது எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை. மெடிக்கல் ஷாப்பில் நீல நிறத்தில் ஒரு திரவம் விற்பார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம். பாக்கியத்துக்கு ஆரம்பத்தில் தினமும் செங்கல்தான்.

அவள் வாசல் ஏறியதுமே எல்லாரும் கேட்பது இதைத்தான். இன்னிக்கு என்ன கலர்? ஆரஞ்சு என்பாள். இரண்டு மாதம் கழித்து, மஞ்சள் என்றாள். பக்கத்துக் கடை பேக்கரிக்காரர், இந்தப் பெண்கள் விடியற்காலையிலேயே புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் குறைபட்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்த பிறகு அந்த மனிதரே மாறிப்போனார். நாங்கள் திரும்பி வருகிற நேரத்துக்குச் சர்க்கரை போடாத டீ தனிப் பாத்திரத்தில் தயாராக இருக்கும். முதல் நாள் அதைக் கொடுக்கும்போது, கெட்டுப்போன பண்டத்தைக் கொடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெடிக்கல் ஷாப்காரர் எடை மெஷினை எங்கள் கடையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். அதன்மேல் மட்டும் பலபேர் ஏற மாட்டார்கள்.

பச்சை வந்த அன்று பாக்கியம் எதுவும் சொல்லாமல், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

நடக்கும்போது ஒரு வசதி உண்டு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லாரும் எதிரே இருக்கிற பாதையைத்தான் பார்க்கிறோம். அப்படி ஒரு காலையில், ஏரியில் நாரைகள் நின்றுகொண்டிருந்தபோது, அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி நான் சொன்னேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை. பாக்கியம் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கன்னியம்மா நடையை மெதுவாக்கினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வளைகாப்புக்கெல்லாம் போக ஆரம்பித்தேன்.

அவள் வராத நாள்

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை பாக்கியம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் விவரம் கொண்டுவந்தாள். பாக்கியத்தின் கணவர் ஆறுமுகத்தை ஷிப்டில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டம்மா விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாராமே என்று. வீட்டுக்கு வந்து, இனிமேல் பால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பால் வாங்கப் போவதாகச் சொல்லி வந்ததுதான் வினையாகிவிட்டது. அந்த யோசனை என்னுடையது. விரலை எடுக்கணும் என்று அவள் சொன்ன குரல் காதிலேயே இருந்தது.

புதன்கிழமை கன்னியம்மா ஏரிப் பக்கம் திரும்பவில்லை. எதிர்த் திசையில் குவார்ட்டர்ஸை நோக்கி நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். அன்று யாரும் செருப்புக்கு மாறவில்லை. பத்துப் பேரும் பிரவுன் ஷூவோடு, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்க, அந்தத் தெருவுக்குள் போய் அவள் வீட்டு முன்னால் நின்றோம்.

ஆறுமுகம் கையில் பால் கூடையோடு வெளியே வந்தார். பத்துப் பெண்களைப் பார்த்ததும் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. சண்டைக்காரர் இல்லை. ஒல்லியான, சாதுவான மனிதர். அவளுக்கு உடம்பு சரியில்லை, தூங்குகிறாள் என்றார்.

பின்னால் கதவோரம் பாக்கியம் நின்றிருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

கன்னியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒம் பொண்டாட்டி காலை நீ எப்பனா பாத்துக்கிறியா?"

அவர் கூடையை மெல்ல முன்னால் எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வெரலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அது அவர் முகத்தில் தெரிந்தது. மெதுவாகத் திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தார். "அப்படியா சொன்னாரு?" என்றார்.

"அப்போ ஒங்களுக்கு நைட் ஷிப்டு. சொல்லிப் பயங்காட்ட வேண்டாம்னு இருந்தேன்" என்றாள் அவள்.

ஆறுமுகம் கூடையைக் கீழே வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைக் கையால் தொட்டுத் தூக்கி, விரல்களை விலக்கிப் பார்த்தார். புண் இருந்த இடம் ஒரு வெளுத்த கோடாக மட்டும் இருந்தது. கட்டைவிரலை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அதன் பிறகு எழுந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான். "ஷூ உங்க கடையிலதான் இருக்கா? நான் போய் எடுத்தாரேன்."

சைக்கிளில் போய் எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் அதுவரை அங்கேயே நின்றோம். பாக்கியம் தன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

பூந்தமல்லி வரை

அடுத்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியோடு நிற்காமல் பூந்தமல்லி வரைக்கும் நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்புவது என்று முடிவாயிற்று. அதற்குள் நாங்கள் பத்தொன்பது பேர். ஆறுமுகம் சைக்கிள் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவரைக் கேலி செய்த ஷிப்ட் நண்பரும் இன்னொரு குடத்தோடு கூட வந்தார். அவர் மனைவி எங்கள் வரிசையில் மூன்றாவதாக நடந்துகொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் இனிப்பில்லாத பன் ஒரு கூடை கொடுத்தனுப்பியிருந்தார். டேவிட் சார் மண்ணூர்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிட்டார். நாங்கள் நிற்கிற இடத்திலெல்லாம் குனிந்து எங்கள் ஷூவின் ஓரங்களை அழுத்திப் பார்ப்பார். யாருக்கும் சோல் பிரியவில்லை என்றதும் அடுத்த இடத்துக்குப் பறந்துவிடுவார்.

பனி விலகாத காலை. சாலையோரம் பூசணிப் பூ வாசல்களில் வாடிக் கிடந்தது. கன்னியம்மா ஏதோ நடவுப் பாட்டை எடுத்துவிட்டாள். எங்களுக்கு வார்த்தை தெரியாது. தெரிந்த இடத்தில் சேர்ந்துகொண்டோம்.

காடுவெட்டியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்து எங்களை நிறுத்தினாள். கூட்டமாகப் போகிறவர்கள் பாதயாத்திரைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். உள்ளே போய்ப் பானை நிறைய மோர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். பாதி பேர் குடித்து முடித்த பிறகு, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று பக்தியோடு கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குடித்தாகிவிட்டதே.

"எந்தக் கோயிலும் இல்லம்மா. சும்மா நடக்குறோம்" என்றாள் கன்னியம்மா.

அந்தப் பெண் சாய்த்த பானையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "சும்மாவா?"

"சும்மாதான்."

எங்கள் கால்களைப் பார்த்தாள். பத்தொன்பது ஜோடி ஷூ. பிறகு முகங்களைப் பார்த்தாள். மிச்சமிருந்த மோரையும் ஊற்றி முடித்தாள். கொஞ்சம் நிற்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாளோ என்று நாங்கள் மெல்ல நகரப் பார்த்தோம். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, காலில் செருப்போடு திரும்பி வந்தாள். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த கணவரிடம், இதோ பூந்தமல்லி வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன், பசங்க எழுந்தா பார்த்துக்கோங்க என்றாள். வாய் நிறைய நுரை இருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எத்தனை டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டார். இருபது என்றேன்.

மோர் கொடுத்தவளுக்குப் பேச எவ்வளவோ இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகு தனியாக அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லையாம். காடுவெட்டியில் இறங்கியபோதும் பேச்சு முடிந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியதும் பாக்கியமும் நானும் கழுத்தை நீட்டி ஜன்னல் வழியே பார்த்தோம். அவள் வீட்டு வாசலில் பிள்ளைகள் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்களிடம் கையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, அவள் வீட்டைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைப் பார்த்துத் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.